கடைக்குட்டிப் பல்

பர்மா ரோட்டில் காலை எட்டரைக்கு
டாக்டர் ஊய் என் பல்லைப் பிடுங்கினார்.
தமிழில் அது ஞானப்பல்.
மலாயில் கெராஹாம் போங்சு,
கடைவாயின் கடைக்குட்டி.
ஞானமோ குட்டியோ,
வேரை வளைத்துத் தாடையைக் கட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்றது.

"மத்தியானம் வரை மரத்திருக்கும்.
எதையும் மெல்லாதே, கன்னத்தைக் கடித்துக்கொள்வாய்,
கடித்தது தெரியாது.
துப்பாதே. வருவதை விழுங்கிவிடு."
தலையை மட்டும் ஆட்டினேன்.
வாயில் பஞ்சு.

பத்தரைக்கு லைட் ஸ்திரீட் கோர்ட்டில் நிற்கிறேன்.
இருபத்திரண்டு வருஷமாக என் வேலை
வாயை வாடகைக்கு விடுவது.
திருடியவன் 'நான்' என்றால் நானும் 'சாயா'.
குத்துப்பட்டவள் 'நான்' என்றால் அதற்கும் 'சாயா'.
இந்த நாக்கு எத்தனை மோட்டார் சைக்கிளைத் திருடியிருக்கிறது,
எத்தனை பேரை வெட்டியிருக்கிறது!
ஒரு ராத்திரிகூட உள்ளே இருந்ததில்லை.

இன்றைய சாட்சி அமரஜோதி, முப்பத்தொரு வயது,
பிறையில் கையுறைத் தொழிற்சாலை.
மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.
பகரத்துக்கு உதடு போதும்.
ககரத்துக்குத் தொண்டையின் விளிம்பு போதும்.
தகரத்துக்குத்தான் பல் வேண்டும்.
அவள் சொல்ல வேண்டியதோ
தம்பி. தள்ளினான்.
இரண்டு சொல்லும் அந்தச் சந்து வழியே
காற்றாகத்தான் வந்து சேர்ந்தன.

நான் அதை மலாயாக்கினேன்:
ஆடிக் போங்சு சாயா தோலாக் சாயா.
காலையில் கேட்ட அதே போங்சு.
இடப்பக்க நாக்கு இருக்குமிடம் தெரியவில்லை,
யாரோ மறந்து விட்டுப்போன ஈரத்துணி.
உதட்டோரம் எச்சில் வழிந்ததை
மாஜிஸ்திரேட் பார்த்துத்தான் நான் அறிந்தேன்.
"உலாங்" என்றார்.
மறுபடி சொன்னேன்.
அவள் மறுபடி தள்ளப்பட்டாள்.

எழுத்தர் தட்டச்சு செய்து முடிக்கும் வரை
சும்மா இருக்கும் நாக்கு மேலே தடவும்.
நமக்கு அது அண்ணம், அவர்களுக்கு லெலாங்கிட்,
லாங்கிட் என்றால் வானம்.
நம் உள்நாக்கை அவர்கள் ஆனாக் தெகாக் என்பார்கள்,
தொண்டையின் பிள்ளை.
அமரஜோதி பாதியில் நின்றபோது
அந்தப் பிள்ளைதான் எழுந்து
வழியை மறித்திருக்க வேண்டும்.
மௌனத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லை.
'சாட்சி பதிலளிக்கவில்லை' என்று
பதிவில் ஒரு வரி விழுந்தது.

கூண்டில் அவன்.
உதடு ஒட்டியிருந்தது, தாடை மட்டும் அசைந்தது,
வெறும் வாயை மென்றுகொண்டிருந்தான்.

"தள்ளினானா, நீயே விழுந்தாயா?"
எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்வி,
என் வாய்க்கு வந்தபோது 'வியுந்தாயா' ஆயிற்று.
நாக்கு மடிந்தால்தானே ழகரம்.
அப்போதுதான் அவள் முதல்முறையாக
என் வாயைப் பார்த்தாள்,
பஞ்சை, வீங்கிய கன்னத்தை.
தன் வாயை மூடியிருந்த கையை எடுத்தாள்.

"அம்மா ரெண்டாவது ஷிஃப்ட்டுக்குப் போயிடும்.
அவனுக்குப் பல்லு முளைக்கல.
நான்தான் சோத்த மென்னு மென்னு ஊட்டுவேன்.
இந்தப் பல்லாலதான்."

வழக்குக்குத் தொடர்பில்லை என்று வக்கீல் எழுவதற்குள்
சொல்லிவிட்டேன்:
சாயா குன்யா நாசி.
நான் சோறு மென்றேன்.
சொல்லும்போது தாடை
உண்மையாகவே அசைந்திருக்கும்.

நாலு மணிக்கு ஃபெரியில்
கன்னம் எறும்பு ஊறிக்கொண்டு திரும்பி வந்தது.
உதடு வந்தது, ஈறு வந்தது,
வலி கடைசியில் வந்து உட்கார இடம் கேட்டது.
இடது கன்னத்தின் உட்புறம்
பல் பதிந்த ஒரு கிழிசல்.
எந்த வாக்கியத்தில் கடித்தேன் என்று தெரியவில்லை.
உப்பும் இரும்புமாய் வாய் நிறைந்தது.
கம்பியோரம் போய் நின்றேன், கீழே கடல்.

துப்பாதே என்றிருந்தார்.